மூணு கார்பரேட்டருக்கு ஒரு காது

என்னைய வெளிய தாட்டி விட்டுட்டா அம்மிணி, அந்தப் பொண்ணு. காது டெஸ்ட் எடுக்குதே, அந்தப் பொண்ணுதான். "நீங்க சித்த வெளிய உக்காருங்கம்மா"ன்னு சொல்லிக் கதவைச் சாத்திட்டா. நான் என்ன பண்ணிப்போட்டேன்? எங்கூட்டுக்காரரைக் கண்ணாடி ரூமுக்குள்ள உக்கார வெச்சு, காதுல மாட்டி விட்டு, கையில ஒரு பட்டனைக் குடுத்திருக்காங்க. சத்தம் கேட்டா அதை அமுக்கோணும். நான் இந்தப் பக்கம் அந்தப் பொண்ணுகிட்ட உக்காந்திருந்தேன். அவ சத்தம் விடறப்பெல்லாம் மிசின்ல ஒரு சின்ன லைட் எரியுது. அது எரியறப்ப என்ர தாடை தானா மேல போகுதாம். அவரு என்ர மொகத்தைப் பாத்துப் பாத்துப் பட்டனை அமுக்கறாராம். எறும்பு நடக்கற சத்தம்கூட இவருக்குக் கேக்குதுன்னு மிசின்ல வந்துருச்சாம்.

நான் வேணும்னா செஞ்சேன்? பழக்கம் அம்மிணி. இத்தனை மாசமா நாந்தான அவருக்குக் காது.

நீ உன்ர மாமியாளைக் கூட்டிட்டு வந்தியா? தூங்கட்டும், எழுப்பாத. இங்க நேரமாகும். ஒருத்தரை உள்ள உட்டாங்கன்னா லேசுல வெளிய தாட்டறதில்ல. இப்படி நகந்து உக்காரு, அங்க பேன் காத்து வராது.

எங்கூட்டுக்காரரு பேரு நாச்சிமுத்து. சிங்காநல்லூர்ல பட்டறை வெச்சிருக்காரு. பழைய காரு மட்டுந்தான் பாப்பாரு. புதுக் காரு வந்தா, "இதுல கம்ப்யூட்டர்தான் இருக்குது, இன்ஜின் எங்க"ன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிப்போடுவாரு. அந்தக் காலத்துக் காருல கார்பரேட்டர்னு ஒண்ணு இருக்கும். காத்தையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு ஊட்டி விடற சாமான். அது சரியில்லைன்னா வண்டி சரியில்ல. கார்பரேட்டர்னா கோயமுத்தூர்ல எங்கூட்டுக்காரரு பேரைத்தான் சொல்லுவாங்க. பெருமைக்குச் சொல்லல. வேணும்னா யாரையாச்சும் கேட்டுப் பாரு.

அவரு மீட்டரு கீட்டரு ஒண்ணும் வெக்கறதில்ல. ஒரு ரப்பர் டியூப்புதான். ஒரு மொனையைக் கார்பரேட்டர் வாய்கிட்ட வெப்பாரு, இன்னொரு மொனையைக் காதுல வெப்பாரு. உள்ள காத்து போற சத்தம் உஸ்ஸுன்னு கேக்கும். அதைக் கேட்டுக் கேட்டு ஸ்க்ரூவைத் திருப்புவாரு. சத்தம் அவரு நெனச்ச எடத்துக்கு வந்துருச்சுன்னா டியூப்பைச் சுருட்டிச் சட்டை ஜோப்புல போட்டுட்டு, "எடுத்துட்டுப் போங்க"ன்னுருவாரு. அவ்வளவுதான் பேச்சு. ஊட்லயும் அவ்வளவுதான் பேச்சு.

காது எப்ப போச்சுன்னு கேக்கறயா? யாரு கண்டா. குக்கர் பக்கத்துலயே நின்னு தண்ணி குடிச்சிட்டிருந்தாரு ஒரு நாளு. விசில் அடிச்சுது. நான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பறேன், அவரு பாட்டுக்குத் தண்ணி குடிக்கறாரு. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் அவருகிட்ட கேக்கல. அவரும் சொல்லல. பட்டறையில கையாளுங்களை நிறுத்திப்போட்டாரு. வர்றவங்க பேசறப்ப வாயையே பாத்துட்டிருப்பாரு. பானெட்டு மேல உள்ளங்கையை வெச்சுட்டு நிப்பாரு. அது என்னமோ பெரிய வித்தைன்னு வர்றவங்க நெனச்சுக்கிட்டாங்க. அதுவும் ஒரு வகையில வித்தைதான். இன்ஜின் ஓடறதைக் கையில அளந்துருவாரு. ஆனா அந்த உஸ்ஸு இருக்குதே, அது கைக்குச் சிக்காது.

இங்க ஒண்ணு சொல்லிப்போடறேன். கட்டிட்டு வந்ததுல இருந்து நான் அந்தப் பட்டறைக்குள்ள காலு வெச்சதில்ல. "பட்டறைக்குப் பொம்பளை எதுக்கு"ம்பாரு. சோத்துப் போசியைக் கேட்டுகிட்ட வெச்சுட்டு வந்துரோணும். ஒருக்கா மழைன்னு உள்ள ஒதுங்கினதுக்கு ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. எனக்கும் அங்க என்ன வேலை? பெட்ரோல் நாத்தம். எனக்கு அந்த நாத்தமே ஆகாது, தலைவலி வந்துரும்.

அப்பத்தான் அந்த அமெரிக்கா வண்டி வந்துச்சு. மில்லுக்காரங்க ஊட்டுத் தம்பி, ரகுவீர்னு பேரு, அது கொண்டாந்து உட்டுச்சு. அறுவத்தொம்பது மாடலாம். ரெண்டே கதவு, மூக்கு நம்ம வாசல் நீளம் இருக்கும், எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணா பக்கத்து ஊட்டுல பாத்திரம் ஆடும். அதுல மொதல்ல ஒரே ஒரு கார்பரேட்டர்தான் இருந்துச்சு. அந்தத் தம்பி வெளிநாட்டுல இருந்து மூணு வாங்கியாந்து, "அண்ணா, ஒண்ணைக் கழட்டிட்டு மூணையும் மாட்டோணும், பழைய காரு ஊர்வலத்துக்கு நம்ம வண்டிதான் முன்னாடி போகோணும், உங்களை விட்டா ஆளில்லை"ன்னு சொல்லிட்டுப் போயிருச்சு.

அன்னைக்கு மத்தியானம் அவரு ஊட்டுக்கு வந்தாரு. சோத்துல கையை வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. பொறகு சொன்னாரு, "வசந்தா, சித்த பட்டறைக்கு வா."

அவ்வளவுதான் சொன்னாரு. எதுக்குன்னு கேக்கல. செருப்பை மாட்டிட்டுப் போயிட்டேன்.

மூணு கார்பரேட்டரு மாட்டறது சும்மா இல்ல அம்மிணி. மொதல்ல பழசைக் கழட்டோணும். அது உக்காந்திருக்கற அடிப்பாகத்தையும் கழட்டோணும். மூணு பேரு உக்கார்ற மாதிரி புது அடிப்பாகம் வெக்கோணும். நடுவுல காத்துப் போகாம இருக்கப் பேக்கிங் ஷீட்டை வெட்டி வெக்கோணும். அதையெல்லாம் அவரே பண்ணிட்டாரு. அதுக்குக் கண்ணும் கையும் போதும். மூணையும் ஒரு கம்பியில கோத்து விட்டாரு, காலை அமுக்கினா மூணும் ஒண்ணாத் தொறக்கற மாதிரி. அதுக்குப் பொறகுதான் சங்கதியே. மூணும் ஒரே அளவு மூச்சு வாங்கோணும். ஒண்ணு கூட வாங்கி ஒண்ணு கொறச்சு வாங்கினா வண்டி நின்ன எடத்துல நடுங்கும், பெட்ரோலைக் குடிக்கும், கறுப்பாப் பொகை தள்ளும். ஒண்ணைத் திருப்பினா மத்த ரெண்டும் மாறிக்கும். திரும்பவும் மொதல்ல இருந்து வரோணும். மூணு மருமகளுக்கும் ஒரே அளவுல பொடவை எடுக்கற மாதிரிதான்.

கேட்டைச் சாத்திட்டு வந்து டியூப்பை என்ர கையில குடுத்தாரு. எம்மொகத்தைப் பாக்கல. "ஒரே மாதிரி கேக்குதான்னு சொல்லு"ன்னாரு. நான் காதுல வெச்சுக் கேட்டேன். கேக்குது. மொதலாவது சன்னமா, ரெண்டாவது துணி கிழிக்கற மாதிரி, மூணாவது ரெண்டுக்கும் நடுவுல. இதை நான் எப்புடி அவருக்குச் சொல்றது? இன்ஜின் ஓடுது, பேசினாக் கேக்காது, அவரு குனிஞ்சிருக்காரு, கையையும் பாக்க மாட்டாரு. அதனால அவரு தோள்ல கையை வெச்சேன். கூடத் தொறக்கோணும்னா அமுக்குவேன். கொறைக்கோணும்னா கையை லேசாக்குவேன். சரியாயிருச்சுன்னா கையை எடுத்துருவேன். யாரும் சொல்லித் தரல, தானா வந்துச்சு.

எனக்கு என்ன ஆசையா அம்மிணி? ஊட்டு வேலை மலை மாதிரி கெடக்குது. காலையிலயே சோறாக்கி வெச்சுட்டு ஓடோணும். கிரீஸ் பட்டாத் தெரியக் கூடாதுன்னு கறுப்புல காட்டன் சேலையா நாலஞ்சு எடுத்துக்கிட்டேன். வளையலைக் கழட்டிப்போட்டேன், பேன் பெல்ட்டுல மாட்டிக்கும். அவரு கூப்பிடாத நாளும் போனேன், எப்ப தேவைப்படுமோ தெரியாதில்ல. தலைவலியா? அதென்னமோ அப்புறம் வரல.

ஆனா வண்டி அடங்கல. மூணையும் ஒரே மாதிரி வெச்சுட்டு வெளிய வந்தா, நின்ன எடத்துல ஏறி எறங்குது, ஏறி எறங்குது. நாளுக்கணக்காப் பாத்தோம். அவருக்குக் கோவம். என்ர மேலன்னு சொல்ல முடியாது, ஆனா என்னையத்தான் பாக்கறாரு. "நீ சரியாத்தான் கேக்கறயா"ன்னு ஒருக்கா கேட்டாரு. டியூப்பைத் தூக்கிப் போட்டுட்டு வந்துரலாமான்னு இருந்துச்சு. கையில எடுத்துட்டேன்கூட. அப்ப மொனை நழுவி நடுக் கார்பரேட்டருக்குக் கீழ போயிருச்சு. அங்க ஒரு உஸ்ஸு. வாயில கேக்கற உஸ்ஸு இல்ல, வேற. பல்லு இடுக்குல காத்து வர்ற மாதிரி.

அவரு கையைப் புடிச்சு இழுத்து அந்த எடத்துல வெச்சேன். அவரு என்னையப் பாத்தாரு. எண்ணெய்க் கேனை எடுத்து அங்க ரெண்டு சொட்டு உட்டாரு. உட்ட எண்ணெயை உள்ள இழுத்துக்கிச்சு, வண்டி ஒரு நிமிசம் ஏறி எறங்காம பொட்டாட்டம் ஓடுச்சு. உடனே நிறுத்திக் கழட்டினாரு. அவரு வெட்டி வெச்ச பேக்கிங்குதான். ஓட்டை ஒரு நூலு பெருசா வெட்டியிருக்காரு, ஓரத்துல காத்து திருட்டுத்தனமா உள்ள போயிட்டிருக்குது. அது வேற காத்து, மேல எவ்வளவு திருப்பினாலும் சரியாகுமா?

துணியில கையைத் தொடச்சுட்டே, "உனக்கு என்ன காது புள்ள"ன்னாரு.

இத்தனை வருசத்துல நான் வெச்ச கொழம்பை நல்லா இருக்குன்னு சொன்னதில்ல அந்த மனுசன். எம்பையன் பொறந்தப்பகூட, "சரி, நல்லபடியா ஆச்சு"ன்னுதான் சொன்னாரு. நான் அதுக்கெல்லாம் மயங்கறவ இல்ல. எங்கக்காகிட்டப் போன் பேசறப்ப சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன், பக்கத்து ஊட்டுலயும் சொன்னேன், அவ்வளவுதான்.

அந்த ரகுவீர் தம்பி வந்து வண்டியை ஓட விட்டுக் கேட்டுச்சு. பச்சைத் தண்ணி மாதிரி ஓடுது. "அண்ணா, உங்க காது காதுதாண்ணா"ன்னு அவரு கையைப் புடிச்சுக்கிச்சு. நான் காப்பி டம்ளரை வெச்சுட்டு நின்னேன். "அக்கா, சர்க்கரை கம்மி"ன்னுச்சு எங்கிட்ட. எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல. அவரு பேரு நிக்கோணும், அதுதான வேணும். எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.

வண்டியை ரோட்டுல ஓட்டிப் பாத்துத்தான் குடுப்பாரு. நான் பக்கத்துல உக்காந்துக்குவேன். பின்னாடி ஆரன் அடிச்சா அவரு தொடையைத் தொடுவேன், அவரு ஒதுங்கிக்குவாரு. ஒரு தொந்தரவும் இருந்ததில்ல. ஒரே ஒரு நாளு நான் பொள்ளாச்சிக்கு ஒரு சீருக்குப் போயிட்டேன். சொந்தக்காரங்க, போகாம இருக்க முடியாது. அன்னைக்குப் பாத்து இந்த மனுசன் தனியா அந்த அமெரிக்கா வண்டியை எடுத்துட்டுத் திருச்சி ரோட்டுக்குப் போயிட்டாரு. பின்னாடி பஸ்ஸு. ஆரன் அடிச்சிருக்கான், அடிச்சிருக்கான், இவரு பாட்டுக்கு வலது பக்கம் திருப்பிப்போட்டாரு. வண்டி ஒரு பக்கம் பூராக் கிழிஞ்சு போச்சு. இவருக்கு முழங்கையில தையல். பஸ்ஸுக்காரன் ஸ்டியரிங்கை ஒடிச்ச ஒடிப்புல, ஸ்கூட்டர்ல வந்த ஒரு பொண்ணு கொழந்தையோட விழுந்துருச்சு. கொழந்தைக்குச் சிராய்ப்புத்தான். சாமி காப்பாத்துச்சு.

நான் இருந்திருந்தா நடந்திருக்குமா? சொல்லு. நான் இல்லாததுதான் காரணம். இனி ஒரு விசேசத்துக்கும் போறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். ஆனா எம்பையன் தினகரன் ஒசூர்ல இருந்து வந்து குதிக்கறான். "அப்பாவுக்குக் காது கேக்கலைன்னு உனக்குத் தெரியுமா தெரியாதாம்மா?"ங்கறான். தெரியும்னேன். "ஏன் சொல்லல?" கேட்டாத்தான சொல்லுவாங்கன்னேன். என்னைய ஒரு பார்வை பாத்தான் பாரு, என்னமோ நான் மருந்து வெச்சவளாட்டம். அவனே போன் பண்ணி இங்க பேரு குடுத்து, நாளும் குறிச்சுட்டுத்தான் போனான். காதுல மிசின் மாட்டிக்கிட்டா எல்லாம் கேக்குமாம். வண்டியை மறுபடி பெயின்ட் அடிச்சுட்டாங்க, ஆனா அடிபட்டதுல மூணும் கலைஞ்சு போயிருக்குது, திரும்பவும் மொதல்ல இருந்து வெக்கோணும். இந்தத் தடவை மிசினை மாட்டிட்டு அவரே கேட்டு வெச்சுக்கலாமாம். எம்பையன் சொல்றான்.

நல்லதுதான. கேட்டா நல்லதுதான. பேரூர் கோயில்ல அர்ச்சனை பண்ணிட்டுத்தான் வந்தேன். கேக்கோணும்னுதான் வேண்டினேன், வேற என்னத்தை வேண்டுவாங்க? பாதியில மனசு எங்கயோ போயிருச்சு, அது எல்லாருக்கும் போறதுதான்.

ஆனா நான் ஒண்ணு சொல்றேன் அம்மிணி, உன்ர மாமியாளுக்கும் ரோசனை பண்ணிச் செய்யி. எங்க தெருவுல ஒரு பெரியவரு இதை மாட்டிட்டு நாலு நாளு இருந்தாரு. விசில் அடிக்குதுன்னு கழட்டி வெச்சுட்டாரு. காதுக்குள்ள அரிக்குமாம். பாத்திரம் உருட்டினா இடி இடிக்கற மாதிரி கேக்குமாம். பட்டறை சத்தத்துக்கு இது ஆகாதுன்னு நான் ஊட்லயே சொன்னேன். அவருக்குப் புரியறாப்புல மொகத்துக்கு நேரா நின்னு சொன்னேன். கேட்டுக்கிட்டாரு.

அவருக்குக் கேட்டுருச்சுன்னா எனக்கும் நிம்மதிதான். பழையபடி போசியைக் கேட்டுகிட்ட வெச்சுட்டு வந்துருவேன். ஊட்ல டிவி பாக்கலாம், மத்தியானம் படுக்கலாம். அந்தக் கறுப்புச் சேலையை என்ன பண்றதுன்னுதான் தெரியல. அதைக் கட்டிட்டு வேற எங்க போறது? ராத்திரி படுத்தா இதுதான் ஓடுது அம்மிணி, தூக்கமே இல்ல. சேலைக்குப் போய் ஒருத்தி தூங்காம இருப்பாளா?

இரு, கதவைத் தொறக்கறா. என்னையத்தான் கூப்பிடறாங்க. இந்தப் பையைச் சித்த பாத்துக்க, வந்தர்றேன்.

வந்துட்டேன். பையைக் குடு. உன்ர மாமியாளு எந்திரிச்சுட்டாங்களா? அடுத்தது நீங்கதான்.

என்ன நடந்துச்சுன்னே எனக்குத் தெரியல அம்மிணி. உள்ள போனா அவரு ரெண்டு காதுலயும் சின்னதா மாட்டியிருக்காரு, மாட்டினதே தெரியல. சும்மா பாக்கறதுக்காம். அந்தப் பொண்ணு சொன்னா, "அம்மா, அவரு முதுகுக்குப் பின்னாடி நின்னு, ஊட்ல கூப்பிடற மாதிரி சாதாரணமாக் கூப்பிடுங்க. மொகத்தைக் காட்ட வேண்டாம்"னு. சரின்னு நின்னேன். ஏனுங்கன்னு கூப்பிட்டேன். அவரு திரும்பல.

"இன்னும் சித்த சத்தமா"ன்னா. கூப்பிட்டேன். திரும்பல. அந்தப் பொண்ணு என்ர வாயையே பாக்கறா. நான் கூப்பிட்டேன் அம்மிணி. ஒதடு அசைஞ்சுதே, அவளே பாத்தாளே. தொண்டை அடைச்சிருச்சு எனக்கு. இந்த ஏசிக் காத்து ஆகாது.

அப்புறம் அவ எம்பக்கத்துல வந்து நின்னுட்டு, ரகசியம் பேசற மாதிரி, "ஐயா, காலையில என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்டா. எனக்கே பாதிதான் கேட்டுச்சு. அவரு சொல்றாரு, "ரெண்டு இட்லிதானுங்க, இவ அவசரப்படுத்திட்டா"ன்னு. சொல்லிட்டுச் சிரிச்சுட்டே திரும்பினாரு. அந்தச் சிரிப்பை நான் பாத்து எத்தனையோ வருசமாச்சு. திரும்பினவரு என்னையப் பாத்தாரு. சிரிப்பு அப்படியே நின்னு போச்சு.

"நீ கூப்பிட்டயா?"ன்னாரு.

"கூப்பிட்டேனுங்க"ன்னேன்.

என்னையப் பாத்துட்டே இருந்தாரு. ஸ்க்ரூவைத் திருப்பிட்டு, தோள்ல இருக்கற கையை நான் எடுக்கறேனான்னு காத்திருப்பாரே, அப்புடி. பொறகு மெதுவா ரெண்டையும் காதுல இருந்து கழட்டி மேசை மேல வெச்சாரு. "இது வேண்டாங்க அம்மிணி. பட்டறை சத்தத்துக்கு ஆகாது"ன்னாரு. அந்தப் பொண்ணு விடல, மேசையில இருந்த சிலேட்டுல எழுதிக் காட்டறா, உங்களுக்கு நல்லாக் கேட்டுச்சேன்னு. அதைப் படிச்சுட்டு அவரு சொன்னாரு, "என்ர சம்சாரம் கூப்பிட்டதே கேக்கலீங்களே. அவ கூப்பிடறது கேக்கலைன்னா அப்புறம் இது எனக்கு எதுக்குங்க?"

அந்தப் பொண்ணு என்னைய ஒரு வார்த்தை கேக்கல. திரும்பி நின்னு அதுகளை எடுத்து டப்பாவுல வெச்சா.

அவருக்கே புடிக்கலைன்னா நான் என்ன பண்றது? எம்பையன் கேட்டா இதைத்தான் சொல்லுவேன். அவருதான் கழட்டி வெச்சாரு, நான் தொடக்கூட இல்ல. நாளைக்கு அந்த வண்டியை எடுக்கோணும், மூணையும் மறுபடி மொதல்ல இருந்து வெக்கோணும். நான் காலையிலயே போயிருவேன். தண்ணி இருக்குதா உங்கிட்ட? இருந்தாக் குடு. வேண்டாம், வேண்டாம், நீ வெச்சுக்க.

அவரு எங்க? இப்பத்தான இங்க நின்னு செருப்பைப் போட்டாரு. அதோ, கேட்டைத் தாண்டிட்டாரு பாரு. அந்தப் பக்கம் நாங்க வந்த வண்டியை நிறுத்தியிருக்கோம், ரோட்டைத் தாண்டிப் போகோணும். நான் போறேன் அம்மிணி. இங்க இருந்து கூப்பிட்டா அவருக்குக் கேக்காது.